மேகத் தீவில் காவியாவின் தகப்பன்

1

பிள்ளைக்கு என்ன வயது என்று திரை கேட்டது. ஏழு என்று தட்டினேன். உடனே ஒரு முயல் எட்டிப் பார்த்து, தலையைச் சாய்த்து, "அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வா" என்று ஜெர்மனில் எழுதிக் காட்டியது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த நான், என் அப்பாவை இனி எங்கே போய்க் கூட்டிவருவது என்று ஒரு கணம் திகைத்துத்தான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் ஆதி சிரித்தான். "பப்பா, அது உன்னைத்தான் கூப்பிடுது" என்று ஜெர்மனில் சொன்னான். இங்கே பிள்ளைகள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பாப்பா என்று காதில் விழும். எனக்கு அது பழக இரண்டு வருடம் ஆனது.

2008, பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை காலை. ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது. விழுகிறதா, மேலே ஏறுகிறதா என்று தெரியாத மெல்லிய பனி. ஆதியின் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அந்த இணைய விளையாட்டுக்குள் இருந்தார்கள். அதன் உண்மைப் பெயரை விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் அதற்கு மேகத் தீவு என்று பெயர். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முயல். மேகத்தின் மேல் நடக்கலாம், குதித்தால் மெதுவாக, இறகு இறங்குவதுபோல இறங்கலாம். ஆளுக்கு ஒரு மேகம், அதன் மேல் ஒரு வீடு. அவ்வளவுதான் விளையாட்டு. யாரும் யாரையும் சுடுவதில்லை. அதனால்தான் என் மனைவி கலா சம்மதித்தாள்.

கணக்கு தொடங்குவது லேசான காரியமாக இல்லை. பிள்ளையின் பெயரை மட்டும் போட வேண்டும், குடும்பப் பெயர் கூடாது. ஊர் கூடாது. பெற்றோரின் மின்னஞ்சல் வேண்டும். அதற்கு ஒரு கடிதம் வரும், அதிலுள்ள சுட்டியை அமுக்கினால் இன்னொரு பக்கம் வரும். அதில் ஒரு சதுரம். "நான் இந்தப் பிள்ளையை வளர்க்கும் உரிமை உள்ளவர்" என்று உறுதி சொல்லி அதில் குறியிட வேண்டும். ஜெர்மனில் அதற்கு ஒற்றைச் சொல்தான், ஆனால் நடுவில் மூச்சு வாங்காமல் படிக்க முடியாத நீளம். ஆதிக்காகக் குறியிட்டேன். முயல் குதித்தது.

பத்து நிமிடம் கழித்து, யாரும் கேட்காமலே, இன்னொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கைத் தொடங்கினேன். பெயர்: காவியா. வயது: எட்டு. மறுபடியும் அந்தச் சதுரம் வந்தது. அங்கே விரல் நின்றது.

2

காவியா என் அண்ணன் மகள். பாபு அண்ணன் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். புதுவாயலில் வாடகை வீடு. நானும் ஜெர்மனிக்கு வரும்வரை அதே எஸ்டேட்டில், வேறொரு ஆலையில், எலெக்ட்ரிகல் பிரிவில் இருந்தேன். அப்பா, அம்மா இருவரும் போனபிறகு எனக்கென்று இருந்த வீடு அதுதான். தேவகி அண்ணி கட்டிக் கொடுக்கும் சோற்றை நானும் அண்ணனும் ஒரே மாதிரிப் பைகளில் எடுத்துப் போவோம்.

அண்ணன் மஞ்சள் காமாலையில் போனார். பன்னிரண்டு நாள்தான். அப்போது என் பாஸ்போர்ட் இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில், விசா நீட்டிப்புக்காக இருந்தது. எண் எழுதிய சீட்டுடன் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாளிடம் "என் அண்ணன் இறந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் வினைச்சொல்லைத் தவறாகப் போட்டுவிட்டேன். "என் அண்ணன் இறந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்து வருத்தம் தெரிவித்தார். திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாஸ்போர்ட் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பிவர நான்கு நாளாகும் என்றார். வீட்டுக்கு வந்தபோது கலா வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் தவறாகச் சொன்னது அந்த நேரத்துக்குள் உண்மையாகியிருந்தது.

அதற்கப்புறம் அண்ணி எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். பெரியவர்கள் பேசி முடித்ததும் போனைப் பிள்ளைகளிடம் கொடுப்போம். "ஹலோ" என்பாள் காவியா. "ஹலோ" என்பான் ஆதி. பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும். அவனுக்கு அப்போது மிஞ்சியிருந்த தமிழ் சாப்பாட்டோடும் குளியலோடும் முடிந்துபோயிருந்தது. என் அண்ணன் மகளுக்கும் என் மகனுக்கும் நடுவில் அந்த மூச்சைத் தவிர ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் அந்த நாட்களில் என் பயம்.

அதனால்தான் சதுரத்தில் குறியிட்டேன். காவியாவை வளர்க்கும் உரிமை உள்ளவர்: முரளி. பொய் என்று தெரிந்தேதான் செய்தேன். ஆனாலும் முயல் குதித்தபோது நெஞ்சில் ஏதோ ஒன்று லேசானது.

3

எங்கள் சனிக்கிழமை பத்து மணி, புதுவாயலில் பிற்பகல் இரண்டரை. அண்ணி வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்துசேர நாலரை ஆகும். அதுவரை காவியா பஸ் நிறுத்தத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டரில் இருப்பாள். அங்கே ஐந்து கம்ப்யூட்டர்கள். ஓரத்தில் இருப்பது அவளுக்கு. கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் போனில் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

முதல் மாதம் அவர்கள் பேசவே இல்லை. இரண்டு முயல்களும் ஒரு மேகத்திலிருந்து இன்னொரு மேகத்துக்குத் தாவிக்கொண்டே இருந்தன. நான் காபியோடு பின்னால் நின்று பார்ப்பேன். வெளியே பனி, திரையில் மேகம். எது எங்கள் தெரு, எது தீவு என்று தெரியாத மயக்கம் வரும். தீவின் அந்த நீல வானத்துக்கு அடியில் எங்கோ கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. எஸ்டேட்டின் மேல் செம்மண் நிறப் புகை மிதக்கிறது. ஒரு சின்னப் பெண் கால் தரையில் எட்டாத நாற்காலியில் உட்கார்ந்து தாவிக்கொண்டிருக்கிறாள். அவள் தாவினால் என் வீட்டில் முயல் அசைகிறது. மின்சாரமே தொழிலாக வைத்திருப்பவன் நான். எனக்கே அது கனவு மாதிரித்தான் இருந்தது.

பிறகு பேச ஆரம்பித்தார்கள். ஜெர்மன் பதிப்பு என்பதால் ஆயத்த வாக்கியங்கள் ஜெர்மனில் இருந்தன. காவியா அவற்றை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எது என்ன செய்கிறது என்று கண்டுபிடித்தாள். "கோம் மிட்" என்றால் ஆதியின் முயல் பின்னாலேயே வருகிறது. அப்படியென்றால் அது "கூட வா". ஆதி அவளிடமிருந்து தமிழ் கற்றான். ஆங்கில எழுத்தில் அவள் தட்டுவதை உரக்கப் படிப்பான். ஒருநாள் சமையலறைக்கு ஓடிவந்து கலாவிடம் "இன்னாமே, இன்னா செஞ்சிகினு கீறே?" என்று கேட்டான். திருவள்ளூர்க்காரியான கலா கையிலிருந்த கரண்டியோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்கும் ஆதிக்கும் தெரியவில்லை.

காவியாவுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. விளையாட்டுக்கு வெளியே, இணையத் தொலைபேசியில், ஹெட்செட் வழியாக என்னிடமே கேட்டாள்.

"சித்தப்பா, ஆதி உன்ன இன்னாத்துக்கு பாப்பான்றான்? நீ இன்னா கொயந்தயா?"

4

மே மாதத்தில் இரண்டு கணக்கும் முடங்கின. கோடையில் ஊருக்குப் போகிறோம் என்று நான் சொல்லியிருந்தேன். அதை ஆதி காவியாவுக்குச் சொல்ல நினைத்து, பாஸ்போர்ட்டில் பார்த்த என் பிறந்த ஊரின் பெயரை எழுத்துக் கூட்டித் தட்டியிருக்கிறான். கும்மிடிப்பூண்டி. அடுத்த நொடி முயல் உறைந்துபோயிற்று. தகாத சொல் என்று அறிவிப்பு வந்தது. ஒரே மின்னஞ்சலில் இருந்ததால் காவியாவின் கணக்கும் அதோடு நின்றது.

விளக்க வேண்டும். ஜெர்மனில் கும்மி என்றால் ரப்பர். கொச்சைப் பேச்சில், பிள்ளைகள் முன்னால் சொல்லக்கூடாத ஒரு ரப்பர் சாமான். என் பாஸ்போர்ட்டைப் பார்க்கும் ஜெர்மானியர் ஒவ்வொருவரும் பிறந்த ஊர் என்ற இடத்தில் ஒருமுறை நிற்பார்கள், உதடு துடிக்கும், பிறகு மரியாதையாகப் பக்கத்தைத் திருப்புவார்கள். எனக்குப் பழகிவிட்டது. ஏழு வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வது? "அப்பாவோட ஊர் கெட்ட வார்த்தையா?" என்று அவன் கேட்டான்.

அந்தக் கம்பெனிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். இது சென்னைக்கு வடக்கே உள்ள ஓர் ஊர், ரயில் நிலையம் இருக்கிறது, தொழிற்பேட்டை இருக்கிறது, நான் அங்கே பிறந்தேன் என்றெல்லாம். இரண்டு நாளில் பதில் வந்தது. வருந்துகிறோம், கணக்கைத் திறந்துவிட்டோம், ஆனாலும் ஊர்ப் பெயர் எதையுமே எழுதக்கூடாது என்பது விதி.

அதே நேரத்தில் வேறொரு மின்னஞ்சலும் வந்தது. "மரியாதைக்குரிய சார், நான் புதுவாயல் பிரவுசிங் சென்டர் சேகர். காவியா பாப்பா ரெண்டு நாளா அழுகிறது. அப்பாவைக் கேட்கவும் என்று ஸ்கிரீனில் வருகிறது. அதில் இருப்பது உங்கள் மெயில் ஐடி. தயவுசெய்து பார்க்கவும்." அப்படித்தான் சேகர் எங்கள் கதைக்குள் வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி போனில் சிரித்தார். "இன்னா தம்பி, கம்ப்யூட்டர்ல காவியாக்கு நீதான் அப்பாவாமே? சேகர் சொன்னாரு."

"சும்மா, ஃபாரத்துக்காக அண்ணி. தப்பா எடுத்துக்காதீங்க."

"அட, இதுல இன்னா தப்பு. யாராச்சும் ஒருத்தர் பேரு வேணும்ல."

அந்தக் குரலில் வேறொன்றும் இருந்தது. அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

5

ஜூன் முதல் வாரம். டிராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணி தானாக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். நீ இன்னா சொல்வியோன்னு நாலு நாளா யோசிச்சிகினே கீறேன்."

"சொல்லுங்க அண்ணி."

"சேகர் என்னைக் கட்டிக்கிறேன்றாரு. ஊத்துக்கோட்டக்காரு. மொத சம்சாரம் பிரிஞ்சி போயி ரொம்ப வருசம், எல்லாம் கோர்ட்ல முடிஞ்சிடுச்சி. நல்ல மனுசன். காவியாவ ஒருநாள் அதட்டிக்கூட நான் பாத்ததில்ல. நானும் சரின்னு சொல்லலாம்னு கீறேன்."

டிராம் சுரங்கத்துக்குள் நுழைந்தது. போன் அறுந்துவிட்டது. கண்ணாடியில் என் முகம் மட்டும் இருந்தது. வெளியே வந்ததும் கூப்பிட்டேன். "நல்லது அண்ணி, ரொம்ப நல்லது" என்றேன். மேலுக்கு எல்லாம் சரியாகத்தான் சொன்னேன்.

"இன்னொண்ணு. காவியாதான் கேக்கறா. அந்த வெளாட்டுல அப்பான்ற எடத்துல அவரு பேர மாத்தணுமாம். அவரு ஒத்துக்கல. சித்தப்பா கிட்ட கேக்காம தொட மாட்டேன்னுட்டாரு. அதுக்கு உனக்கு ஏதோ லெட்டர் வருமாம்."

"அனுப்பச் சொல்லுங்க அண்ணி" என்றேன். அன்று மாலையே அது வந்தது. "காவியாவின் கணக்குக்கு வேறொருவர் பொறுப்பேற்க விரும்புகிறார். நீங்கள் சம்மதிக்கிறீர்களா? பதினான்கு நாட்களுக்குள் பதில் இல்லையெனில் கணக்கு அழிக்கப்படும்." கீழே இரண்டு பொத்தான்கள். பச்சை ஒன்று, சாம்பல் ஒன்று.

நான் எதையும் அமுக்கவில்லை. நாளைக்கு என்று வைத்தேன். மறுநாளும் நாளைக்கு என்றே வைத்தேன். வேலையில் மின்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன், அந்தப் பச்சை கண்ணுக்குள் மிதக்கும். அண்ணி மறுபடி வாழ்வது தவறென்று ஒருநாளும் நினைத்தவனில்லை. ஆனால் அந்தப் பொத்தானை அமுக்கினால் பாபு அண்ணன் இன்னொரு முறை இறந்துவிடுவார் என்று தோன்றியது. முதல் முறைதான் நான் பக்கத்தில் இல்லை, இந்த முறை என் விரலாலேயே. அதற்கப்புறம் அண்ணிக்கு நான் யார்? காவியாவுக்கு யார்? இறந்துபோன முதல் கணவனின் தம்பி. அப்படி ஓர் உறவுக்கு எந்த மொழியிலும் எனக்குச் சொல் தெரியவில்லை.

பதினோராம் நாள் கலா கேட்டாள்: "அமுக்கிட்டீங்களா?"

"இல்ல."

"ஏங்க?"

"தெரியல. கை வரல."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "உங்க அண்ணன் போனப்ப நீங்க போவ முடியல. அது உங்க தப்பில்ல, யார் தப்புமில்ல. ஆனா அதுக்காக அவங்க ரெண்டு பேரும் அங்கயே நின்னுகினு இருக்கணும்னு நெனைக்கிறீங்க பாரு, அது மட்டும் தப்பு."

இரண்டு நாள் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை. அவள் சொன்னது அந்த அளவுக்குச் சரியாக இருந்தது.

6

பதிமூன்றாம் நாள் ஒரு சனிக்கிழமை. ஆதி கால்பந்துக்குப் போயிருந்தான். பெற்றோர் பக்கம் என்று ஒன்று உண்டு, அதன் வழியாகப் பிள்ளையின் மேகத்தை நாமும் பார்க்கலாம். அதுவரை நான் போனதில்லை. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உள்ளே போனேன்.

காவியாவின் மேகத்தில் அந்தி நேரம். ரோஸ் நிற வெளிச்சம். வீட்டுக்குள் ஒரு கட்டில், மீன் தொட்டி, மூன்று நாற்காலி. வாசலில் ஒரு மஞ்சள் பஸ் நின்றது. பள்ளிப் பிள்ளைகளுக்கான பஸ், வாங்குவதற்கு நிறைய நட்சத்திரம் சேர்க்க வேண்டும். ஆதி மாதக்கணக்காக ஆசைப்பட்டும் வாங்க முடியாமல் இருந்தது. மேகத்துக்கு மேல் பஸ் எதற்கு? சாலையே இல்லையே. சக்கரங்கள் பாதி மேகத்தில் புதைந்திருந்தன. முன்விளக்கு மெதுவாக எரிந்து அணைந்து எரிந்தது.

காவியாவின் முயல் வீட்டிலிருந்து வெளியே வந்தது. புதுவாயலில் அவள் அந்த நேரம் உட்கார்ந்திருந்தாள். ஹெட்செட்டை மாட்டி அவளைக் கூப்பிட்டேன்.

"காவியா, சித்தப்பா பேசறேன். உன் மேகத்தப் பாத்துக்கினு இருக்கேன்."

"ஐ, சித்தப்பா! ஊடு நல்லாக்கீதா?"

"ரொம்ப நல்லாக்கீது. வாசல்ல இன்னாம்மா பஸ்ஸு?"

"அது அப்பா கம்பெனி பஸ்ஸு."

அண்ணன் வேலைக்குப் போய்வந்த பஸ் வெள்ளையில் நீலக் கோடு போட்டது. தீவில் மஞ்சள்தான் கிடைத்திருக்கிறது. அண்ணன் போனபோது அவளுக்கு ஐந்து வயது. மாலையில் அந்த பஸ் சத்தம் கேட்டால் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவாள் என்று அண்ணன் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"ஏன் சித்தப்பா பேச மாட்டேன்ற?"

"ஒண்ணுமில்லம்மா. அப்பான்ற எடத்துல சேகர் மாமா பேரப் போடச் சொன்னியே. மாத்துனா இந்த பஸ்ஸ எடுத்துடுவியா?"

அவளுக்கு அது அசட்டுக் கேள்வியாகத் தோன்றியிருக்க வேண்டும். "இன்னாத்துக்கு எடுக்கணும்? பஸ்ஸு அங்கியேதான் நிக்கும், அது அப்பாது. சேகர் மாமா ஊட்டுக்குள்ள இருப்பாரு. எடம் கீதே, சித்தப்பா."

பின்னால் ஒரு ஆண் குரல் தயங்கிக் கேட்டது. "சார்... நான் சேகர். அவசரமே இல்ல சார். உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப. இல்ல, உங்க பேரே இருக்கட்டும்னாலும் இருக்கட்டும். பாப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சார் வேணாங்க" என்றேன். "முரளின்னே கூப்பிடுங்க."

ஹெட்செட்டைக் கழற்றாமலே மின்னஞ்சலைத் திறந்து பச்சையை அமுக்கினேன். நன்றி என்று ஒரு பக்கம் வந்தது, அவ்வளவுதான். மேகத்தில் ஒன்றும் மாறவில்லை. முயல் பஸ்ஸைச் சுற்றி ஒருமுறை ஓடிவிட்டு உள்ளே போனது. நான் ஜன்னலைத் திறந்துவைத்து வெகுநேரம் அழுதேன். அண்ணனுக்காக நான் அழுதது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

7

ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். ஆறு மாதமாக வாரந்தோறும் ஒன்றாகக் குதித்த பிள்ளைகள் இரண்டும் நேரில் பார்த்ததும் ஆளுக்கொரு பெரியவர் பின்னால் ஒளிந்துகொண்டன. சேகர் குட்டையான, சிரித்த முகமுள்ள மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. ஆதியின் முன் குந்தி, "வா நைனா, மொதல்ல நாஷ்டா பண்ணுவோம், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். இட்லி வரும் வரை இருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு காவியா மெதுவாக, "கோம் மிட்" என்றாள். ஆதி எழுந்து அவள் பின்னால் போனான். அதற்கப்புறம் அவர்களை நாங்கள் தேடத்தான் வேண்டியிருந்தது.

சிறுவாபுரி முருகன் கோயிலில் காலையில் தாலி கட்டினார்கள். அங்கிருந்து பதிவு செய்யப் பொன்னேரிக்குப் போனோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மின்விசிறி சுற்றச் சுற்றக் காகிதங்கள் படபடத்தன. அண்ணி அரக்குப் புடவையில், நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அன்றும் அவர் இப்படித்தான் இருந்தாரா என்று நினைத்துப் பார்த்தேன். நினைவில்லை. அன்றைக்கு நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

பெண் பக்கத்துச் சாட்சியாக என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். எழுத்தர் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். பிறந்த ஊர் என்ற இடத்தில் அவர் நிற்கவே இல்லை. எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பேனாவைத் திறந்து கேட்டார்.

"பொண்ணுக்கு நீங்க இன்னா வேணும்?"

நான் சேகரைப் பார்த்தேன். அன்று புதிதாக மாலை போட்டுக்கொண்ட மனிதரின் முன்னால் இறந்தவரின் பெயரை எப்படிச் சொல்வது? சொல்லாமல் நான் யார் என்று எப்படிச் சொல்வது? வெளிநாட்டவர் அலுவலகத்தில் வினைச்சொல் தடுமாறியதுபோல இங்கேயும் சொல் தடுமாறியது. இந்த முறை என் சொந்த மொழியில்.

"முதல்ல... அவங்க வந்து எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி" என்றார் அண்ணி.

என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். பதினைந்து வருடமாக அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். எந்த அண்ணியும் கொழுந்தனைக் கூப்பிடும் விதம்தான் அது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கங்க சார்" என்றார். "என் கூடப் பொறந்த தம்பி."